கொள்ளைக்காரர்கள் சிரிக்கக் கூடாது: ஊர் ஊராக வரும் நாடகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். 'பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்' என்ற ஆபரெட்டாவை, அதாவது கடற்கொள்ளையர் பற்றிய நகைச்சுவை இசை நாடகத்தை, எடுத்துக்கொண்டு இங்கிலாந்தின் சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் மறுபடியும் கிளம்பியிருக்கிறீர்கள், அந்தப் பட்டியலில் எங்கள் ஊர் அரங்கும் இருக்கிறது என்று சுவரொட்டியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சந்தோஷம். லண்டனுக்கு ரயில் ஏறிப் போய், திரும்பும் கடைசி ரயிலை நினைத்து இடைவேளை முடிந்ததிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல், வீட்டிலிருந்து நடந்தே போய், கில்பர்ட் எழுதி சல்லிவன் இசையமைத்த நாடகங்களைப் பார்க்க எங்களுக்கு உங்களை விட்டால் வேறு வழி கிடையாது. அதனால் வாருங்கள். ஆனால் போன தடவை மாதிரி வராதீர்கள்.

இதே கடிதம் ஆங்கிலத்தில் உங்கள் அலுவலகத்துக்குத் தபாலில் வரும். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போன தடவை என் பேச்சை நம்பி டிக்கெட் எடுத்துக் குடும்பத்தோடு வந்த நம்மவர்கள் சிலர் இடைவேளையில் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "இதுக்கா இவ்வளவு பில்டப் கொடுத்தீங்க?" என்று ஒருவர் கேட்டே விட்டார். அவர்களுக்கும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

கதை தெரியாமல் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபிரெடெரிக் என்ற பையனைச் சின்ன வயதில், கப்பலுக்கு வழிகாட்டும் மாலுமி ஒருவரிடம் தொழில் பழக விடச் சொல்லி அனுப்புகிறார்கள். கூட்டிக்கொண்டு போன ஆயா ரூத்துக்குக் காது கொஞ்சம் மந்தம், 'பைலட்' என்றது 'பைரேட்' என்று காதில் விழ, அவள் கடற்கொள்ளையரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறாள். 21ஆவது பிறந்தநாள் வரை அவர்களிடம் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம். பையனோ கடமை என்றால் உயிரை விடுகிறவன். கொள்ளை பிடிக்காவிட்டாலும் ஒப்பந்தத்துக்காக ஒழுங்காகக் கொள்ளையடிக்கிறான். ஒப்பந்தம் முடிகிற அன்றைக்கு, இனிமேல் உங்களை ஒழித்துக்கட்டுவதுதான் என் கடமை என்று அந்தக் கொள்ளையரிடமே மரியாதையாகச் சொல்கிறான், அவர்களும் மனம் கோணாமல் கேட்டுக்கொள்கிறார்கள். இந்தக் கொள்ளையர்கள் அனாதைகளை மட்டும் தொடுவதில்லை, ஏனென்றால் அவர்களும் அனாதைகள். விஷயம் வெளியே கசிந்துவிட்டதால் பிடிக்கிற கப்பலில் எல்லாம் ஒருவர் விடாமல் அனாதையாகவே இருக்கிறார்கள். அப்புறம் மேஜர் ஜெனரல் ஸ்டான்லி, அவருடைய ஏகப்பட்ட பெண்கள், அவர்களில் மேபலோடு பையனுக்குக் காதல், கொள்ளையரிடமிருந்து தப்பிக்க நானும் அனாதைதான் என்று ஜெனரல் விடும் பொய். இரண்டாம் பாதியில்தான் சிக்கல் அவிழ்கிறது, இல்லை, இன்னும் இறுகுகிறது: பையன் பிறந்தது பிப்ரவரி 29. ஒப்பந்தத்தில் 21 வயது என்று இல்லை, 21ஆவது பிறந்தநாள் என்று இருக்கிறது. பிறந்தநாள் கணக்குப்படி அவனுக்கு ஐந்தும் சொச்சமும்தான். கடமை தவறாத நம் பிள்ளை காதலியை விட்டுவிட்டுக் கொள்ளையரிடமே திரும்பிப் போகிறான்.

இந்த இடத்தில் ஒரு பாட்டு வரும். மேபல் அவனைப் போகாதே என்று கெஞ்சுகிற பாட்டு. கதை முழுக்கக் கோமாளித்தனம்தான், சரி, ஆனால் சல்லிவன் இந்தப் பாட்டில் ஒரு துளி கிண்டல் கூட வைக்கவில்லை. அபத்தமான ஒரு காரணத்துக்காக இரண்டு இளம் உயிர்கள் பிரிகின்றன, அந்தப் பிரிவு மட்டும் நிஜம். உங்கள் மேபலுக்கு நல்ல குரல், உண்மையிலேயே நல்ல குரல், முதல் அடியை அந்தப் பெண் எடுத்தபோது இருமிக்கொண்டிருந்தவர்கள் கூட அடங்கிவிட்டார்கள். அடுத்த அடிக்கு ஃபிரெடெரிக் வாய் திறக்கிற நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் ஒரு செல்போன் மணி. அவர் கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்து, அம்மா அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்தார். பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் தங்கள் போன்தானோ என்று பையைத் தடவினார்கள். எனக்கு முன் வரிசையில் இருந்த பெரியம்மா ஒருவர் பதறிப்போய்க் கைப்பையை மடியில் கவிழ்த்து, மூக்குக்கண்ணாடிக் கூடு, மிட்டாய்ப் பொட்டலம், பஸ் பாஸ் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தார். பாட்டு என்னவோ நடந்துகொண்டுதான் இருந்தது. யாருக்கும் காதில் விழவில்லை.

அன்றைக்கு ராத்திரி முழுக்க இதே கதைதான். கொள்ளையர் தலைவன் ஒவ்வொரு வசனத்துக்கும் அப்புறம் எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். போலீஸ்காரர்கள் அந்த மாதம் எல்லார் போனிலும் ஓடிக்கொண்டிருந்த ஒரு நடனத்தை ஆடினார்கள். மேஜர் ஜெனரல் நடுவில் நிறுத்தி, எங்கள் ஊர் பார்க்கிங் கட்டணம் பற்றி ஒரு ஜோக் சொன்னார். (அதற்கு நானும் சிரித்தேன், பார்க்கிங் கட்டணம் அப்படி.) இதே இருவரின் 'மிகாடோ' நாடகத்தில் வரும் பட்டியல் பாட்டை அந்தந்தக் காலத்துக்குத் தக்கபடி மாற்றிப் பாடுகிற வழக்கம் உண்டு, அங்கே உங்களை யாரும் கேட்க மாட்டார்கள். 'பைரேட்ஸ்' நாடகத்தில் அப்படி ஒரு கதவே கிடையாது. நீங்கள்தான் சுவரை இடித்துக் கதவு வைத்தீர்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. சிரிக்காமல் நடியுங்கள். மேடையில் இருக்கிற ஒருத்தருக்குக் கூட இது வேடிக்கையான கதை என்று தெரியக் கூடாது.

இது என் சொந்த சரக்கு இல்லை. கில்பர்ட் 1877இல் 'எங்கேஜ்டு' என்ற தன் நாடகத்துக்கு எழுதிய குறிப்பிலேயே இதைச் சொல்லிவிட்டார்: ஆரம்பம் முதல் கடைசி வரை முழு நேர்மையோடும் இறுக்கத்தோடும் நடிக்க வேண்டும், தாங்கள் செய்வது அபத்தம் என்று தெரிந்த மாதிரி நடிகர்கள் காட்டிக்கொண்டால் நாடகம் படுத்துவிடும் என்பதுதான் சாரம். மனிதர் வசனம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிற ஆள் இல்லை. மேடையைச் சின்ன அளவில் மாதிரியாகச் செய்து வைத்துக்கொண்டு, நடிகர்களுக்குப் பதில் மரக்கட்டைகளை நகர்த்தி நகர்த்தி, யார் எந்த அடியில் எங்கே நிற்பது என்று முடிவு செய்துவிட்டுத்தான் ஒத்திகைக்கு வருவார். கடற்படைக் கப்பலில் நடக்கிற 'ஹெச்.எம்.எஸ். பினஃபோர்' நாடகத்தை எழுதும்போது போர்ட்ஸ்மத் போய் நெல்சனின் 'விக்டரி' கப்பலில் ஏறி அளவும் படமும் எடுத்துக்கொண்டு வந்தார். கப்பல் அச்சு அசலாக இருந்தால்தான் அதில் நடக்கிற கூத்து எடுபடும் என்பது அவர் கணக்கு. ஜார்ஜ் கிராஸ்மித் தெரியுமில்லையா, முதல் லண்டன் மேஜர் ஜெனரல், அந்தக் காலத்து நகைச்சுவை நடிகர்களில் பெரிய கை. ஒரு ஒத்திகையில் அவர் தரையில் உருண்டு விழ, கில்பர்ட் வேண்டாம் என்கிறார். இதற்குப் பெரிய சிரிப்பு கிடைக்கிறதே என்கிறார் கிராஸ்மித். பன்றி இறைச்சி அடைத்துச் சுட்ட பலகாரம் ஒன்றின் மேல் உட்கார்ந்தாலும்தான் கிடைக்கும் என்றாராம் கில்பர்ட்.

உங்கள் செல்போன் மணி அந்தப் பலகாரம்தான்.

'பூனைப் பாதம் வைத்து வருகிறோம்' என்று கொள்ளையர் பாடுகிற இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நடு ராத்திரி, ஜெனரலின் மாளிகைக்குத் திருட்டுத்தனமாக வருகிறார்கள், ஒரு ஈயின் காலடி ஓசை கூடக் கேட்கும், அவ்வளவு அமைதியாக வருகிறோம் என்கிற பொருளில் பாடுகிறார்கள், பாடுவதோ ஊரே எழுந்திருக்கிற மாதிரி, ஒவ்வொரு அடிக்கும் தரை அதிர மிதித்துக்கொண்டு. அமெரிக்காவில் பின்னால் கூட்டமாகச் சேர்ந்தால் பாடுகிற பாட்டாகவே ஆகிப்போன மெட்டு அது. இந்த வேடிக்கை வேலை செய்ய ஒரே ஒரு நிபந்தனை: தாங்கள் சத்தமே போடவில்லை என்று அந்த ஆட்கள் மனசார நம்ப வேண்டும். நீங்கள் என்ன செய்தீர்கள்? மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் ஒருவர் "ஷ்ஷ்" என்று விரலை உதட்டில் வைத்து எங்களைப் பார்த்து இளித்தார். சத்தம் போடுகிறோம் என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டால் அப்புறம் அதில் என்ன இருக்கிறது? சத்தம் போடுகிற சில பேர், அவ்வளவுதான்.

போலீஸ்காரர்கள் சமாச்சாரம் இன்னும் அருமையானது. கொள்ளையரைப் பிடிக்கப் போக வேண்டும், பயம் வயிற்றைக் கலக்குகிறது. தைரியம் வருவதற்காகத் தாரன்தாரா என்று எக்காளம் மாதிரி வாயால் ஊதிக்கொள்கிறார்கள். வழியனுப்ப வந்த ஜெனரலின் பெண்கள், நல்லெண்ணத்தோடுதான், போய்ச் சாகுங்கள் வீரர்களே, உங்கள் கல்லறையில் கண்ணீர் விடுவோம் என்று பாடுகிறார்கள். சார்ஜென்டுக்கு இந்த ஆறுதல் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. போகிறோம் போகிறோம் என்று பாடிக்கொண்டே நிற்கிறார்கள். போகிறோம் என்கிறீர்கள், போகக் காணோமே என்கிறார் ஜெனரல். மறுபடி போகிறோம், மறுபடி நிற்கிறார்கள். கிராண்ட் ஆபராவில் புறப்படு புறப்படு என்று கால் மணி நேரம் பாடிக்கொண்டு புறப்படாமலே நிற்கிற கோரஸ்களைப் பார்த்தவர்களுக்கு இது எங்கே இடிக்கிறது என்று புரியும், பார்க்காதவர்களுக்கும் சிரிப்பு வரும். இதற்கு மேல் ஒரு நடனமும் தேவையில்லை. பயந்துபோய் நிற்கிற சில போலீஸ்காரர்கள் போதும்.

நான் மியூசியம் கேட்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். மியூசியம் என்ன ஆனது என்று உங்களுக்கும் தெரியும். தயாரிப்பாளர் டாய்லி கார்ட் தொடங்கிய கம்பெனி நூறு வருடத்துக்கு மேல் இந்த நாடகங்களைக் கட்டிக் காத்தது. 1961 முடிய காப்புரிமை அவர்கள் கையில் இருந்ததால் பிரிட்டனில் வேறு தொழில்முறைக் கம்பெனி எதுவும் இவற்றைத் தொட முடியாது. கை தூக்குவதும் தலை திருப்புவதும் கூடப் பழைய பிரதியில் உள்ளபடியே என்று ஆகி, நடிகர்கள் மாறினாலும் அசைவு மாறாமல், கடைசியில் அதுவே சலித்துப் போனது. ஆர்ட்ஸ் கவுன்சில் மானியம் தர மறுத்தது, 1982 பிப்ரவரி 27இல் கடை கட்டினார்கள். நாடகம் கெட்டுப்போகாமல் காத்தவர்களும் அவர்கள்தான், அதை விறைக்க வைத்தவர்களும் அவர்கள்தான். அந்த வழி வேண்டாம்.

1980இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் தயாரிப்பாளர் ஜோசப் பாப் போட்ட 'பைரேட்ஸ்' ஒன்று உண்டு, அதை எனக்கு எதிராக நீங்கள் எடுத்துக்காட்டலாம். மைக், சிந்தசைசர், பாப் பாடகி லிண்டா ரான்ஸ்டாட் மேபலாக, கெவின் கிளைன் கொள்ளையர் தலைவனாக, ரப்பர் மாதிரி நெளிகிற சார்ஜென்டாக டோனி அசிட்டோ. பிராட்வேக்குப் போய் 787 காட்சிகள் ஓடியது. சத்தியமாக நன்றாக இருந்தது, பதிவைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கவனித்துப் பாருங்கள், கிளைன் அந்தப் பாத்திரத்தை மேலிருந்து பார்த்துக் கேலி செய்யவில்லை. தன்னைப் பெரிய வீரன் என்று நம்புகிற ஒரு ஆளை நடித்தார், அந்த நம்பிக்கை ஒவ்வொரு தடவையும் தடுக்கி விழுகிறது, அவ்வளவு. அதற்கப்புறம் வந்த பல குழுக்கள் நெளிவை மட்டும் எடுத்துக்கொண்டு நம்பிக்கையை விட்டுவிட்டன. இன்னொரு பக்கம், 2015இல் லண்டன் கொலிசியத்தில் மைக் லீ இயக்கியது: மேடையில் வெறும் வண்ண வட்டமும் சதுரமும், உடை மட்டும் அந்தக் காலத்தது, ஒருவரும் எங்களைப் பார்த்துக் கண்ணடிக்கவில்லை. ரொம்ப அடக்கி வாசித்துவிட்டார் என்று சிலர் குறைப்பட்டார்கள், எனக்கும் சில இடங்களில் அப்படித் தோன்றியது. இருந்தாலும் வசனம் ஒவ்வொன்றும் போய் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது.

காசு விஷயம். போன தடவை காட்சி முடிந்து வாசலில் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் தரப்பில் ஒருவர் சொன்னார், ஒரு வேனுக்குள் அடங்குகிற சீன்தான் கொண்டுவர முடியும், இருபது பேருக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை, அந்தக் குறை தெரியாமல் இருக்கத்தான் சிரிப்பைக் கூட்டுகிறோம் என்று. மத்தியானம் வந்து இறங்கி, சாயங்காலத்துக்குள் விளக்கு கட்டி, ராத்திரியே கழற்றி ஏற்றிக்கொண்டு அடுத்த ஊர் போகிற பிழைப்பு எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இந்தக் காரணத்தை மட்டும் 'பைரேட்ஸ்' போடுகிறவர்கள் சொல்லக் கூடாது. இந்த நாடகம் பிரிட்டனில் பிறந்ததே ஊர் சுற்றும் ஒரு கம்பெனியின் இரவல் துணியில்தான்.

'பினஃபோர்' அமெரிக்காவில் காப்புரிமை இல்லாமல் ஊர் ஊராகத் திருட்டுத்தனமாக நடந்து கொழித்தது; கில்பர்ட், சல்லிவன், டாய்லி கார்ட் மூவருக்கும் அதில் ஒரு காசு இல்லை. அடுத்த நாடகத்தில் ஏமாறக் கூடாது என்று அவர்களே கப்பலேறிப் போய் 1879 டிசம்பர் 31 அன்று நியூயார்க்கில் 'பைரேட்ஸ்' அரங்கேற்றினார்கள். ஆனால் பிரிட்டனில் உரிமை நிலைக்க வேண்டும் என்றால் இங்கேயும் ஒரு தடவை மேடையேற்றி ஆக வேண்டும். அந்த நேரம் டெவனில் டார்க்கி என்ற ஊரில் ஒரு சுற்றுக் கம்பெனி 'பினஃபோர்' நடத்திக்கொண்டிருந்தது. அவர்களைப் பக்கத்து ஊரான பெயின்டனுக்கு அனுப்பி, ராயல் பிஜூ என்ற குட்டி அரங்கில், டிசம்பர் 30 மத்தியானம், ஒரே ஒரு காட்சி. முழு ஒத்திகைக்கு நேரம் ஏது? கையில் தாளை வைத்துக்கொண்டே பாடினார்கள். கொள்ளையருக்கு உடை கிடையாது, 'பினஃபோர்' மாலுமி உடையையே போட்டுக்கொண்டு தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டார்கள். அங்கே நியூயார்க்கில் சல்லிவன் நிலைமையும் பெரிதாக ஒன்றும் இல்லை, முதல் பாதிக்குப் போட்டு வைத்த குறிப்புகளை இங்கிலாந்திலேயே மறந்துவிட்டுப் போய் ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதினார். பெண்கள் பாறை மேல் ஏறி வருகிற அந்தப் பாட்டு, முன்பு இருவரும் சேர்ந்து செய்த 'தெஸ்பிஸ்' நாடகத்திலிருந்து எடுத்து ஒட்டியது.

ஆக, தலையில் கைக்குட்டையோடு வாருங்கள். சீன் திரையே இல்லாமல் நான்கு பெட்டியை மட்டும் கொண்டு வாருங்கள். ஒருத்தரும் முகம் சுளிக்க மாட்டோம். வசதிக் குறைவை மறைக்கத்தான் சிரிப்பை ஊற்றினோம் என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

வாத்தியம் மட்டும் விதிவிலக்கு. பதிவு செய்த இசையை ஓடவிட்டு நடிகர்களை அதன் பின்னால் ஓட வைக்காதீர்கள். சிரிப்பு எத்தனை நொடி நீளும் என்று ஒலிநாடாவுக்கு எப்படித் தெரியும்? போன தடவை ஜெனரலின் பாட்டில் மக்கள் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த அடி தொடங்கிவிட்டது, பாவம் அந்த நடிகர் ஓடும் பஸ்ஸில் ஏறுகிறவர் மாதிரி தாவி ஏறிக்கொண்டார். சல்லிவன் எழுதியது ஒன்றும் பிரம்மாண்டமான ஆர்க்கெஸ்ட்ரா இல்லை. புல்லாங்குழல் இரண்டு, ஓபோ ஒன்றே ஒன்று, கிளாரினெட் இரண்டு, பஸூன் ஒன்று, ஹார்ன், கார்னெட், டிராம்போன் தலைக்கு இரண்டு, தாள வாத்தியங்கள், தந்திக் கருவிகள். அதுவே உங்களால் முடியாது என்று தெரியும். ஒரு பியானோ போதும். நல்ல பியானோக்காரர் ஒருவர், மேடையைப் பார்த்து மூச்சு விடத் தெரிந்தவர். நியூயார்க்கில் வாத்தியக்காரர்கள், இது ஆபரெட்டா இல்லை, கிராண்ட் ஆபரா அளவுக்கு வேலை வாங்குகிறது, கூலியைக் கூட்டு என்று நின்றபோது, லண்டனிலிருந்து ஆட்களை வரவழைப்பேன், அதுவரை நானே பியானோவில் உட்கார்ந்து நடத்திவிடுவேன் என்று சல்லிவன் மிரட்டினார். வெறும் மிரட்டல்தான், பலித்துவிட்டது. ஆனால் பியானோவை வைத்து நடத்தலாம் என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது பாருங்கள், அந்த அனுமதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வார்த்தை. ஜெனரலின் பாட்டு வேகத்துக்குப் பேர் போனது, அதனால் எல்லோரும் வேகத்தையே பந்தயமாக்கிவிடுகிறார்கள். அந்தப் பாட்டில் அவர் தனக்குத் தெரிந்ததை எல்லாம் அடுக்குகிறார், தாவரம், விலங்கு, கனிமம், இங்கிலாந்து அரசர்கள், பழைய போர்கள், கணிதம். அடிக்கடி எதுகைக்கு வார்த்தை கிடைக்காமல் நின்று யோசித்து, கண்டுபிடித்துவிட்டுக் குதூகலமாகத் தொடர்கிறார். கடைசிச் சரணத்தில்தான் விஷயமே இருக்கிறது: இன்றைய ராணுவத்தைப் பற்றி மட்டும் அவருக்கு ஒன்றும் தெரியாது, அவர் படிப்பு அந்த நூற்றாண்டின் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. ஒரு ராணுவ ஜெனரல்! அந்தச் சரணம் கொஞ்சம் நிதானமாக வந்து, காதில் தெளிவாக விழுந்தால்தான் மற்ற எல்லா வேகத்துக்கும் பொருள் இருக்கும். உங்கள் ஆள் அதையும் சேர்த்து விழுங்கிவிட்டு மூச்சிரைக்க நின்றார், நாங்கள் அவர் நுரையீரலுக்குக் கை தட்டினோம்.

பிப்ரவரி 29 கணக்கும் அப்படித்தான் போனது. எப்போது விடுதலை என்று கேட்டால் 1940இல் என்கிறான் ஃபிரெடெரிக், இன்னும் அறுபது சொச்சம் வருடம், மேபல் காத்திருப்பதாகச் சத்தியம் செய்கிறாள். அந்த வருடம் எங்கள் வரிசையில் ஒருத்தருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்கள் ஆட்கள் அடுத்த அரை மணி நேரம் கணக்குப் போட்டிருப்பார்கள், ஏனென்றால் அதில் ஒரு வில்லங்கம் உண்டு. 1900 லீப் ஆண்டு இல்லை. பையன் 1856இல் பிறந்திருந்தால் 21ஆவது பிறந்தநாள் 1944க்குத் தள்ளிப் போய்விடும். 1940 சரியாக வர வேண்டும் என்றால் 1852இல் பிறந்திருக்க வேண்டும், அப்படியானால் கதை நடப்பது 1873இல். கில்பர்ட் 1900ஐ மறந்தாரா, வேண்டுமென்றே 1873 என்று வைத்தாரா என்று ரசிகர்கள் இன்னமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்தச் சண்டையில் சேரவாவது எங்களுக்கு அந்த எண் காதில் விழ வேண்டாமா?

மேடைக்கு மேலே எழுத்து ஓட விடுவது பற்றி எனக்கு இரண்டு மனது. ஆங்கிலம் பின்னால் கற்றுக்கொண்டவர்களுக்கும் காது மங்கியவர்களுக்கும் அது பெரிய உதவி, எங்கள் அரங்கில் இரண்டு வகையும் நிறைய. ஆனால் வசனத்துக்கு ஓட விட்டால், நடிகர் வாய் திறக்கும் முன்பே அரங்கு படித்துச் சிரித்துவிடுகிறது. பாட்டுக்கு மட்டும் போடுங்கள், பேச்சுக்கு வேண்டாம். அதுவும் முடியாதென்றால் பாட்டு வரிகளை ஒரு தாளில் அச்சடித்து வாசலில் கொடுங்கள், சில்லறை வாங்கிக்கொண்டாலும் சரி.

ரூத் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அவளுக்கு 47 வயது. கப்பலில் வேறு பெண்ணையே பார்த்திராத பையனிடம், நான் அழகிதான் என்று சொல்லி வைத்திருக்கிறாள். ஜெனரலின் பெண்களைப் பார்த்ததும் அவன் அவளைப் பொய்க்காரி என்று உதறிவிடுகிறான். கில்பர்ட்டுக்கு வயதான பெண்களைக் கிண்டல் செய்வதில் ஒரு தீராத ஆசை இருந்தது, அதை நான் மூடி மறைக்கப் போவதில்லை, இன்றைக்கு அதைப் பார்க்கிறபோது நெளிய வேண்டித்தான் இருக்கிறது. 47 எல்லாம் ஒரு வயதா? ஆனால் நீங்கள் அதற்குச் செய்த வைத்தியம் நோயை விட மோசம். ஒரு ஆணுக்குப் பெரிய கொண்டை வைத்து, இரண்டு பலூனைச் செருகி, ரூத் என்று அனுப்பினீர்கள். மாறாக, அந்த வசனத்தை ஒரு நடிகை நேராக, அவமானத்தை விழுங்கிக்கொண்டு பேசினால் சிரிப்பு ஃபிரெடெரிக் பக்கம் திரும்பும். கடமை கடமை என்று பேசுகிற இந்தப் பிள்ளைக்கு, தன்னை வளர்த்தவளிடம் கொஞ்சம் இரக்கம் காட்டத் தெரியவில்லை பாருங்கள் என்று அரங்கு அவனைப் பார்க்கும். கில்பர்ட் எழுதின வார்த்தையில் ஒன்றைக் கூட மாற்ற வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு யோசனை, இதற்குச் செலவும் கிடையாது. முதல் பாதி முடிகிற இடத்தில், சம்பந்தா சம்பந்தமே இல்லாமல், கொள்ளையர், பெண்கள், ஜெனரல் எல்லோரும் மண்டியிட்டு, வாத்தியம் முழுக்க நின்றுவிட, கவிதையை வாழ்த்தி ஒரு பாட்டு பாடுவார்கள். சில அடிகள்தான். தேவாலயத்தில் பாடுகிற மாதிரி நான்கு குரலும் சேர்ந்து எழும்பும். போன தடவை ஆறே பேரை வைத்து அதைப் பாட வேண்டியிருந்தது, குரல் எழும்பவே இல்லை, அதனால் நடுவில் ஒருவர் தும்மி அதையும் ஜோக்காக்கினீர்கள். போலீஸ் பாட்டும் பெண்கள் பாட்டும் தனித்தனியாக வந்து அப்புறம் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுகிற அந்த இடமும், சல்லிவனின் பேர் போன வித்தை அது, ஆறு பேரில் எப்படிக் கேட்கும்? எங்கள் ஊரில் பல வருடமாக ஒரு அமெச்சூர் ஆபரா சங்கம் இருக்கிறது. 'பைரேட்ஸ்' கோரஸ் அவர்களுக்குத் தூக்கத்தில் கூட வரும். நீங்கள் வருகிற அன்றைக்கு மத்தியானம் இரண்டு மணி நேரம் ஒத்திகை கொடுத்தால் கொள்ளையராகவும் போலீஸாகவும் நிற்க அவர்கள் தயார், நான் கேட்டுவிட்டேன். சம்பளம் வேண்டாம், டீயும் பிஸ்கட்டும் கொடுத்தால் போதும் என்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு வயது அறுபதுக்கு மேல், அதனால் ஓட்டம் குதியாட்டம் மட்டும் கேட்காதீர்கள், நிற்க வைத்தால் அருமையாக நிற்பார்கள். ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் பத்துப் பேர் டிக்கெட் எடுத்து வருவார்கள் என்பதையும் உங்கள் கணக்குப் பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.

சங்கத்தின் செயலாளர் உங்கள் அலுவலகத்துக்கு ஏற்கெனவே எழுதியிருக்கிறார், இன்னும் பதில் வரவில்லை. காட்சிக்கு ஒரு மாதம் முன்பாவது சொன்னால், எந்தப் பதிப்பின் தாளை வைத்துப் பாடுகிறீர்கள், எங்கெங்கே வெட்டியிருக்கிறீர்கள் என்று பார்த்து அவர்கள் தயாராக முடியும். நாங்கள் சனிக்கிழமை மத்தியானக் காட்சிக்கு டிக்கெட் எடுத்துவிட்டோம், போன தடவை வந்த அதே குடும்பங்கள், எப்படியோ பேசிச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். குழந்தைகளும் வருகிறார்கள்.

இப்படிக்கு,
பால்கனி டிக்கெட்காரன்